மழைக்கு முந்தின அரை மணி நேரம்: மதுரைச் சீமையில் கோடைத் தீ, இடி மின்னல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்துவிட்டால் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு இரண்டு பயம். பகலில் தீ, சாயங்காலம் இடி. இரண்டையும் தனித்தனியாகத்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் இரண்டும் சந்திக்கிற நேரம் ஒன்று உண்டு. மேகம் கூடிவிட்டது, காற்று கிளம்பிவிட்டது, இன்னும் ஒரு சொட்டு விழவில்லை. அந்த அரை மணி நேரம்தான் பொல்லாதது. "மழைதான் வரட்டுமே, அப்புறம் கிளம்பலாம்" என்று நாம் அசந்து நிற்பதும் அதே நேரத்தில்தான். கீழே உள்ள பதில்களில் பாதி, அந்த அரை மணி நேரத்தைப் பற்றியவை.

எந்த மாதங்களில் அதிகக் கவனம் வேண்டும்?

தீக்கு மாசிக் கடைசியில் தொடங்கி வைகாசி வரை. இடி மின்னலுக்குப் பங்குனிப் பாதியிலிருந்து வைகாசி முடிய. கத்திரி வெயில் ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. அந்த நாட்களில் மதுரையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. காய்ந்த தரை மேலே உள்ள காற்றைச் சூடாக்கி மேலே தள்ளுகிறது. கிழக்கே கடல் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே வந்து அதோடு சேர்கிறது. மேற்கே கொடைக்கானல், தேனி மலைகளும் வடக்கே சிறுமலையும் காற்றை இன்னும் மேலே ஏற்றிவிடுகின்றன. செய்தியில் 'வெப்பச்சலனம்' என்று சொல்வது இதைத்தான். மதியம் வரை வெறும் பஞ்சு மேகமாக இருந்தது, மூன்று நான்கு மணிக்குள் மலை உயரத்துக்கு எழும்பி இடிமேகமாகிவிடும்.

"ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு சொட்டு இல்லை. இந்த அறிவிப்பை எப்படி நம்புவது?

நம்பலாம். அந்த வார்த்தைகளுக்கு வானிலைத் துறையில் கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள் மழை பெய்யும் என்றால் 'ஓரிரு இடங்களில்'. கால்வாசிக்கு மேல் பாதி வரை என்றால் 'சில இடங்களில்'. ஆக, ஓரிரு இடம் என்று சொன்ன நாளில் பெரும்பாலான ஊர்களில் மழை இல்லாமல் போவதுதான் வழக்கம். கோடை மழை சோழவந்தானில் கொட்டும், பக்கத்திலேயே வாடிப்பட்டியில் புழுதி பறக்கும்.

இதில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று: மழை பெய்யாத ஊருக்கும் அந்த மேகத்தின் காற்றும் மின்னலும் வந்து சேரும். மேகத்திலிருந்து 15 கி.மீ. தள்ளிக்கூட மின்னல் இறங்கியிருக்கிறது. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறதே என்று நினைத்திருக்கக் கூடாது.

காலையில் வரும் அறிவிப்பைவிட, 'அடுத்த 3 மணி நேரத்தில்' என்று சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டம் மாவட்டமாகத் தருகிற அறிவிப்புதான் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவும். மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு.

கையில் போன் இல்லை, சிக்னலும் இல்லை. மேகம் வருவதை எப்படித் தெரிந்துகொள்வது?

கண்மாய்க் கரையில் ஆடு மேய்ப்பவர்களுக்கு இது தெரியும். மதியத்துக்கு மேல் தாங்க முடியாத புழுக்கம், ஒரு இலை அசையாது. மேகத்தின் உச்சி பட்டறைக்கல் மாதிரி தட்டையாக விரியும், அடி கருநீலமாக இருளும். அப்புறம் வெக்கை சட்டென்று அடங்கி, ஜில்லென்று ஒரு காற்று முகத்தில் அடிக்கும். மண்வாசனை வரும். எதிரே புழுதி சுவர்போல எழுந்து வரும். எல்லாரும் "அப்பாடா" என்று முந்தானையை விரித்து நிற்கிற நேரம் அதுதான். உண்மையில் அது ஓட வேண்டிய நேரம். எங்கோ பெய்கிற மழை வறண்ட காற்றில் பாதி ஆவியாகி, அந்தக் காற்றைக் குளிர வைத்து, கனத்துப்போன காற்று தரையில் விழுந்து பரவுகிறது. மேகத்துக்குப் பல கி.மீ. முன்னால் வந்து சேர்வது அந்தக் காற்று.

மின்னலைப் பார்த்தபின் இடி கேட்கும்வரை எண்ணுங்கள். 3 எண்ணினால் சுமார் 1 கி.மீ. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேகம் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். உண்மையில் எண்ணக்கூட வேண்டாம். இடி காதில் விழுந்தாலே நீங்கள் அதன் எல்லைக்குள் வந்துவிட்டீர்கள்.

மழை வரப்போகிறது, அதற்குள் வரப்புப் புல்லையும் கரும்புச் சோகையையும் (காய்ந்த தோகையையும்) கொளுத்திவிட்டால் மழையே அணைத்துவிடுமே?

இந்த ஒரு நினைப்பை மட்டும் எல்லாரும் விட்டுவிட்டால் நம் பக்கத்தில் கோடைத் தீ எவ்வளவோ குறையும்.

தீ ஓடுவதற்கு வேண்டியது காய்ந்த பொருள், காற்றில் ஈரமின்மை, வேகமான காற்று. முதல் இரண்டும் சித்திரையில் எப்போதும் தயார். மூன்றாவதை இடிமேகம் கொண்டுவருகிறது. அதுவும் திசை மாற்றிக் கொண்டுவருகிறது. காலையில் கிழக்குக் காற்று என்று பார்த்து மேற்கு வரப்பில் தீ வைத்திருப்பீர்கள். சாயங்காலம் மேகத்துக் காற்று மேற்கிலிருந்து அடித்தால், தீ உங்கள் வீட்டுப் பக்கமே திரும்பி வரும். வானிலை அறிவிப்பில் வழக்கமாக வரும் 'மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் பலத்த காற்று' என்ற வரிக்குத் தீ வைத்தவர் பார்வையில் அர்த்தம் இதுதான்.

ஒரு கரும்புக் கொல்லையைப் பாருங்கள். காலை ஏழு மணிக்குச் சோகையைக் கொளுத்துகிறார்கள். ஒன்பதுக்குள் எரிந்து அடங்கிவிடுகிறது. வயல் கருப்பாக, அமைதியாகக் கிடக்கிறது, ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் வரப்போரம் கிடந்த சீமைக்கருவேலத் தூர் ஒன்று சாம்பலுக்கு அடியில் கங்காகவே இருக்கிறது. நாலு மணிக்குக் காற்று கிளம்பும்போது முதலில் சாம்பல் பறக்கிறது. அடியில் கங்கு சிவக்கிறது. அதிலிருந்து நாலைந்து பொறி பறந்து அடுத்த வரப்பில் காய்ந்த கோரையில் விழுந்தால் போதும், அங்கிருந்து வைக்கோல் படப்புக்கு (போருக்கு) ஓட ஐந்து நிமிடம் ஆகாது. மழை வந்து சேரும்போது எரிய வேண்டியது எரிந்து முடிந்திருக்கும். சில நாள் மழை வராமலே மேகம் கலைந்தும் போகும்.

கொளுத்தாமல் இருப்பதே நல்லது. வைக்கோல் மாட்டுக்கு, சோகை மூடாக்குக்கு. ரோட்டவேட்டர் ஓட்டி மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம். பக்கத்துக் காட்டுக்காரர் கொளுத்தியே தீருவேன் என்றால் சண்டை போடாமல் நாலு விஷயம் மட்டும் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு இடி மழை அறிவிப்பு இருந்தால் தள்ளிப்போட வேண்டும். சுற்றிலும் இரண்டு சால் உழுது வெறும் மண்ணாக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும். மோட்டார் ஓடுகிற நேரமாக, கரண்ட் இருக்கும்போது வைக்க வேண்டும். கடைசியாக, தண்ணீர் ஊற்றித் தூரைக் கிளறி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று பார்த்த பிறகே ஆள் நகர வேண்டும்.

நாகமலை, அழகர்மலைப் பக்கம் இரவில் தீ வரிசையாகத் தெரிகிறதே, மின்னலால்தானா?

பெரும்பாலும் மனிதர் கைதான். புதுப்புல் துளிர்க்கும் என்று வைப்பது, அணைக்காத பீடி, சமைத்துவிட்டு விட்டுவந்த அடுப்புக் கங்கு, அடிவாரத்துத் தோட்டத்திலிருந்து ஏறிய தீ. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்.

மலைச்சரிவில் தீ மேல்நோக்கிப் பாய்ந்து ஏறும். கீழிருந்து எழும் வெக்கை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. அதனால் தீயைக் கண்டு மேலே ஓடினால் தீதான் ஜெயிக்கும். பக்கவாட்டில் விலகி, பாறைப் பரப்பு அல்லது ஏற்கெனவே எரிந்து கரிந்த தரை இருக்கிற பக்கம் போங்கள். 2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காய்ந்த புற்சரிவில் தீக்குள் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பின்னும் கோடையில் அனுமதி இல்லாமல் மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

மலையில் தீயைப் பார்த்தால் வனத்துறைக்கும் 101க்கும் சொல்லுங்கள். மேகம் கூடியிருக்கிற சாயங்காலத்தில் இளைஞர்கள் கூட்டமாகத் தழை ஒடித்துக்கொண்டு அணைக்க ஏறுவது வேண்டாம். காற்று திரும்பும்.

வைக்கோல் படப்பை எங்கே வைப்பது?

வீட்டை, மாட்டுக்கொட்டத்தை, மின்கம்பியை ஒட்டி வைக்கக் கூடாது. கம்பி இரண்டு காற்றில் உரசினால் பொறி கொட்டும். அதற்கு நேர் கீழே படப்பு இருந்தால் அப்புறம் சொல்லவே வேண்டாம். படப்பைச் சுற்றிப் பத்தடிக்குச் செத்தை இல்லாமல் செதுக்கி வைக்கவும். இடம் இருந்தால் ஒரே பெரிய படப்பாக வைக்காமல் தள்ளித்தள்ளி இரண்டாக வையுங்கள். அடுப்புச் சாம்பலைச் சூட்டோடு குப்பைக்குழியில் கொட்டுவதும் படப்பு எரிய ஒரு காரணம். வைக்கோல் ஏற்றிய வண்டி தாழ்வான கம்பியில் உரசி எரிவது வருடா வருடம் செய்தியில் வருகிறது. பாரத்தின் உயரத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

காட்டில் வேலையாக இருக்கும்போது இடி இடித்தால் எங்கே ஒதுங்குவது?

நம் கால் தானாகப் போகிற இடம் மரத்தடி. புளியமரம், வேப்பமரம், பனை. மின்னலுக்கும் அதுதான் சுலபமான இடம். மரத்தில் இறங்குகிற மின்னல் பக்கத்தில் நிற்கிற ஆள்மேல் தாவும், வேர் வழியாகத் தரையிலும் பரவும். ஒற்றைப் பனை, தனித் தென்னை இன்னும் மோசம். நனைந்தால் காய்ச்சலோடு போகும். மரத்தடியில் நிற்பதைவிட நனைவதே மேல்.

முழுப் பாதுகாப்பு இரண்டே இடத்தில்தான்: காங்கிரீட் வீடு போன்ற நல்ல கட்டடம், கண்ணாடி ஏற்றிய கார், பஸ், வேன். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சமுதாயக்கூடம், இ-சேவை மையக் கட்டடம் எதுவானாலும் சரி. நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை, கூரைக் குடிசை, களத்துமேட்டுப் பந்தல் மழைக்கு மட்டும்தான் ஆகும். மோட்டார் ரூமுக்குள் போனால் சுவர், பைப், ஸ்டார்ட்டர் பெட்டி எதையும் தொடாமல் நடுவில் நில்லுங்கள், மோட்டாரைப் போடவோ நிறுத்தவோ வேண்டாம். கேபின் இல்லாத டிராக்டரும் பைக்கும் பாதுகாப்பு இல்லை. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று முதல் மழை ஈரத்தில் உழவு ஓட்டுகிறவர்கள் அடுத்த மேகத்துக்கும் ஒரு கண் வைக்க வேண்டும். வெட்ட வெளியில் உயரமாக இருப்பது அவர்கள்தான்.

கண்மாய்க் கரை, வரப்பு மேடு, மலைக்கரட்டு உச்சியிலிருந்து இறங்குங்கள். கிணற்றிலும் கண்மாயிலும் குளிக்கிற பிள்ளைகளை முதல் இடியிலேயே கரையேற்றிவிடுங்கள். கம்பிவேலியை விட்டு விலகுங்கள். தொரட்டிக் கம்பு, மண்வெட்டி, கடப்பாரையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடாமல் அங்கேயே போட்டுவிடுங்கள்.

கட்டடமே எட்டாது என்றால்? கூட்டமாக ஒண்டாமல் ஆளுக்கு ஆள் தள்ளி நில்லுங்கள், ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் காப்பாற்ற முடியும். தாழ்வான இடத்தில் இரண்டு பாதத்தையும் சேர்த்துக் குத்த வைத்து உட்காருங்கள். படுக்கக் கூடாது. இது பாதுகாப்பு இல்லை, வேறு வழியே இல்லாதபோது செய்கிற ஏற்பாடு.

கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். மழை விட்டதும் ஆட்டை அவிழ்க்க ஓடுகிறோமே, அது கூடாது.

ஆடு மாடு கூட்டமாக மின்னலில் சாகிறது, ஏன்?

மழை என்றால் அவையும் மரத்தடிக்குத்தான் போகின்றன, அல்லது நாமே அங்கே கட்டியிருக்கிறோம். தரையில் பரவும் மின்சாரம் முன்னங்கால் வழியாக ஏறி உடம்பைக் கடந்து பின்னங்கால் வழியாக இறங்குகிறது. நடுவில் இருப்பது நெஞ்சு. காலுக்கும் காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் நம்மைவிட மாட்டுக்கு ஆபத்து அதிகம். அறிவிப்பு உள்ள நாளில் மதியமே கொட்டத்துக்கு ஓட்டிவந்துவிடுங்கள். கிடை போடுகிற கீதாரிகள் அன்றைக்கு மட்டும் ஒற்றை மரத்தையும் கம்பிவேலியையும் விட்டுத் தள்ளி கிடை அமைக்கலாம். இடி தொடங்கிவிட்டால் மாட்டைவிட ஆள் உயிர் பெரிது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

செல்போன் பேசினால் மின்னல் இழுக்குமா? வெள்ளி, இரும்பு போட்டிருந்தால்?

செல்போன் மின்னலை இழுக்காது. சார்ஜரில் மாட்டிக்கொண்டு பேசுவதுதான் ஆபத்து. மெட்டி, அரைஞாண், தாலி எதுவும் மின்னலைக் கூப்பிடுவதில்லை, கழற்ற நேரம் செலவழிக்க வேண்டாம். ஒருமுறை விழுந்த இடத்தில் மறுபடி விழாது என்பதும் தவறு. "அர்ஜுனா, அர்ஜுனா" என்று பாட்டி சொல்வதில் தவறு எதுவும் இல்லை, வீட்டுக்குள் இருந்து சொல்லட்டும்.

வீட்டுக்குள் என்ன கவனம்?

டிவி, ஃபிரிட்ஜ், கேபிள் வயர் எல்லாவற்றையும் மேகம் வருவதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். இடி நடக்கும்போது பிளக்கைத் தொடப் போகாதீர்கள். குழாய்த் தண்ணீரில் குளிப்பது, பாத்திரம் கழுவுவதை அரை மணி தள்ளிப்போடலாம். ஜன்னல், மாடி, திண்ணை வேண்டாம். மாடியில் காயும் துணியும் வத்தலும் போனால் போகட்டும். தகரக் கூரையில் கல்லை ஏற்றி வைப்பதைவிட ஆணி, கொக்கி அடித்து இறுக்குவது நல்லது. காற்றில் தகரத்தோடு கல்லும் பறந்து வரும்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. இதை நான்கு பேருக்குச் சொல்லுங்கள். மின்னல் உடம்பில் தங்குவதில்லை. தொடப் பயந்து சுற்றி நிற்கிற சில நிமிடத்தில்தான் பிழைக்க வேண்டியவர் போய்விடுகிறார். மூச்சும் நாடியும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் இறங்கும்படி அழுத்துங்கள். 108 வரும்வரை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். பல பேர் விழுந்து கிடந்தால், முனகுகிறவரை விட்டு முதலில் அசைவில்லாதவரைப் பாருங்கள். இடி இன்னும் தொடர்ந்தால் முடிந்தவரை பக்கத்துக் கட்டடத்துக்குத் தூக்கிப்போய்ச் செய்யுங்கள்.

தீக்காயத்துக்கு ஓடுகிற தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். இங்க், பற்பசை, முட்டை வெள்ளை எதுவும் தடவ வேண்டாம்.

கம்பி அறுந்து கிடக்கிறது. கரண்ட் இல்லை, தூக்கிப் போடலாமா?

கூடாது. நின்ற கரண்ட் எந்த நொடியும் திரும்ப வரும். அறுந்த மின்கம்பியை மின்னல் தாக்கிய ஆளோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்: கம்பி மேல் கிடப்பவரைத் தொட்டால் நமக்கும் அடிக்கும், சப்ளையை நிறுத்தும்வரை கிட்டே போகக் கூடாது. ஈரத் தரையில் கம்பிக்கு அருகே மாட்டிக்கொண்டால் பாதத்தைத் தூக்காமல் ஒட்டினாற்போல் தேய்த்து நகர்ந்து வெளியே வாருங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

வாழை குலை தள்ளியிருக்கிறது. இப்போது என்ன செய்ய?

காற்று வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. குலை தள்ளிய மரத்துக்கு இன்றைக்கே சவுக்கு அல்லது மூங்கில் முட்டுக் கொடுங்கள், குலை சாய்ந்த பக்கம். காய்ந்த, தொங்கும் இலைகளை அறுத்தால் காற்றுப் பிடிப்பு குறையும். முற்றியதை வெட்டிவிடுங்கள். மேற்குப் பக்கமும் ஓரங்களிலும் அகத்தி வரிசை நட்டுவிடுவது அடுத்த போகத்துக்கான வேலை. கொள்முதல் நிலையத்தில் நெல் குவித்திருப்பவர்கள் தார்ப்பாய் விரிப்பதோடு ஓரத்தில் மண்மூட்டை வைத்து அழுத்துங்கள். மின்னல் வெட்டும்போது குவியலின் மேல் ஏறி நின்று தார்ப்பாயை இழுத்துப் பிடிக்காதீர்கள், நெல் காய்ந்துவிடும்.

சித்திரைத் திருவிழாவுக்குப் போகிறோம். மழை வந்தால்?

அழகர் இறங்குகிற நேரம் விடியல் என்பதால் அப்போது இடிக்கு வாய்ப்பு குறைவு. சாயங்காலம்தான் கவனிக்க வேண்டும். அழகர்கோயில் சாலை மண்டகப்படிப் பந்தல்கள், தட்டிகள், ராட்டினம், பெரிய மரங்கள், எல்லாம் காற்றுக்கு ஆடுகிறவை. இருட்டிக்கொண்டு வந்தால் கூட்டத்தோடு பந்தலுக்குள் நெருக்காமல் பக்கத்துக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். ஆற்றுக்குள் நின்றால் கரையேறுங்கள். பிள்ளைகளோடு போனால் எந்தக் கட்டடத்தில் சந்திப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குப் போன் செய்வது? செயலி எது?

தீ என்றால் 101, ஆம்புலன்ஸ் 108, எதுவானாலும் 112. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. மின்னலுக்கு 'தாமினி' செயலி, புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. உங்களைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டத்துக்குள் மின்னல் இருந்தால் காட்டும். தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியும் உண்டு. ஊரில் ஒருவர் பார்த்துக் கோயில் மைக்கில் சொன்னால் காட்டில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். பல ஊரில் செய்யாமல் இருக்கிற சுலபமான வேலை இது.

மின்னலில் ஆளோ மாடோ இறந்தால் நிவாரணத்துக்கு என்ன வேண்டும்?

ஆள் என்றால் போலீசில் பதிவும் பிரேதப் பரிசோதனையும் கட்டாயம். துக்கத்தில் அதை விட்டுவிட்டு அடக்கம் செய்தால் பிறகு குடும்பம்தான் அலையும். மாடு என்றால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்குங்கள், படம் எடுத்துவையுங்கள். இரண்டுக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றே சொல்லி, வட்டாட்சியருக்கு மனு கொடுக்க வேண்டும்.

கோடை முடிந்தால் பயம் விட்டதா?

தீப்பயம் குறையும். மின்னல் பயம் விடாது. ஆவணி, புரட்டாசியிலும் நமக்கு மாலை நேர இடிமழை உண்டு, ஐப்பசியில் பருவமழையின் தொடக்கமும் இடியோடுதான் வரும். மானாவாரி மக்காச்சோளம், பருத்திக் காடுகளில் களையெடுக்கப் பெண்கள் பத்துப் பதினைந்து பேராக இறங்குவது அந்த மாதங்களில்தான். நூறு நாள் வேலையானாலும் கூலி வேலையானாலும், காலையில் காட்டுக்குள் இறங்கும்போதே மூன்று கேள்விக்கு விடை இருக்க வேண்டும்: இடி கேட்டால் எந்தக் கட்டடத்துக்குப் போவது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, நடந்துபோக எத்தனை நிமிடம். கால் மணிக்கு மேல் ஆகும் என்றால், அறிவிப்பு இருக்கிற நாளில் மதியத்தோடு வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். அரை நாள் கூலியைப் பிடிக்காமல் விடுவது காட்டுக்காரர் செய்ய வேண்டியது.